பத்தொன்பது அடி

கள்ளக்குறிச்சியில் ஒரு காலேஜில் இருபத்தாறு வருஷம் மைதானம் பார்த்தேன். மார்க்கர் என்று சொல்வார்கள். புல் செதுக்குவது, தண்ணி தெளிப்பது, ரோலர் இழுப்பது, கோடு போடுவது. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. இது ஒரு கோட்டைப் பற்றிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கூடைப்பந்து கோர்ட் அப்போது மண் கோர்ட். நாலு மூலையிலும் செங்கல் புதைத்திருக்கும். செங்கல்லுக்குச் செங்கல் நூல் கட்டிச் சுண்ணாம்பு இழுத்தால் சுற்றுக்கோடு வந்துவிடும். அதில் தப்பு வராது. உள்கோடுகளுக்குத்தான் அளவு வேண்டும். அதில் முக்கியமானது ஃப்ரீ த்ரோ கோடு. பந்தோடு போகிறவனை எதிராளி இடித்தாலோ அடித்தாலோ ஃபவுல். ஃபவுல் வாங்கினவன் அந்தக் கோட்டில் வந்து நிற்பான். யாரும் மறிக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து கூடைக்குள் போடுவான். விழுந்தால் ஒரு பாயிண்ட். கூடைக்குப் பின்னால் இருக்கும் கடைசிக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்குப் பத்தொன்பது அடி.

அந்தப் பத்தொன்பது அடிக்கு என்னிடம் ஒரு கயிறு இருந்தது. நூல் கயிறு. சந்தையில் வாங்கியது. நான் வேலைக்கு வந்த புதிதில் பழைய பி.டி. சார் டேப் பிடித்து அளந்து காட்டினார். அந்த அளவில் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டேன். அதற்குப் பிறகு டேப்பைத் தொடவில்லை. வாரம் ஒரு தடவை கோடு போடுவேன். வாளியில் சுண்ணாம்பு கரைத்து, சாக்குத் துணியை முக்கி இழுப்பேன். கயிறும் நனையும். வேலிமேல் காயப்போடுவேன்.

பழைய சார் போய்ப் புது சார் வந்தார். பி.டி. சாரும் அவர்தான், கோச்சும் அவர்தான். ஒல்லி ஆள். சத்தமாகப் பேசமாட்டார். அதனாலேயே பயம் ஜாஸ்தி. காலை அஞ்சரைக்குக் கோர்ட்டில் நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. சாக்கு சொன்னால் இருபது. சினிமா கூடாது. வெற்றிலை, பாக்கு, பீடி கூடாது. அவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது.

அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் ஒன்றே ஒன்று. தூரத்திலிருந்து போடாதே. உள்ளே போ. அடி வாங்கு. கோட்டில் நில். போடு. அவ்வளவுதான். மற்ற டீம்கள் ஓடி ஆடிச் சேர்க்கும் பாயிண்டை நம் பிள்ளைகள் கோட்டில் நின்றே சேர்த்தார்கள். ரெண்டு வருஷம் எங்கள் மைதானத்தில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. வெளியூர் டீம் வந்தால் அவர்கள் போடும் ஃப்ரீ த்ரோ மட்டும் கூடையைத் தாண்டிப் பலகையில் மோதித் திரும்பும். ராசி இல்லாத பசங்கள் என்று நினைப்போம்.

சார் ஒருநாள் கோர்ட்டைப் பார்த்துவிட்டு, “கொத்தனாரு ரசமட்டம் வச்ச மாதிரி கோடு போடறயா நீ” என்றார். என் வேலையை ஒருத்தர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. மனசில் வைத்துக்கொண்டேன்.

வெளியூர் போனால் தோற்றார்கள். போகிற இடத்தில் எல்லாம்.

காலேஜ் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வயசில் வாலிபால் ஆடினவர். எங்கள் ஆபீஸ் பியூனுக்கும் அவருக்கும் எங்கள் டீம் விஷயத்தில் தீராத சண்டை. அன்றைக்கு முதல்நாள்தான் வெளியூரில் ஒரு மேட்ச் தோற்றிருந்தோம். ஒரு பாயிண்டில். கடைசியில் ரெண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ரெண்டும் விழவில்லை.

“இன்னாய்யா ஆட்டம் இது?” என்றார் கடைக்காரர். “தூரத்துலேந்து போடவே கூடாதாம். உள்ள பூந்து அடி வாங்கினு வரணுமாம். அடி வாங்கறதுக்குன்னே புள்ளைங்கள வளக்கறாரா உங்க சாரு?”

“இங்க ஜெயிக்கிறமா இல்லியா?” என்றார் பியூன். “வந்தவன் ஒருத்தனாச்சும் சிரிச்சிக்கினு போனானா?”

“அங்க போனா ஏன் தோக்குது?”

“அங்க போனா சினிமா, பரோட்டா. பயலுங்களுக்கு ஒழுக்கம் கம்மி. சாரு சொல்றது கரெக்ட்டு.”

“அப்ப கோச்சு எதுக்கு? பரோட்டா எண்ணறதுக்கா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பியூன் கிளாசை டக்கென்று வைத்தார்.

“ரெண்டும் வுட்டவன் யாரு தெரியுமில்ல? மலைக்காரன். சும்மா நின்னு போடறத வுட்டான்யா. மேட்ச்சுக்கு மொத நாளு எங்கயாச்சும் சுத்தியிருப்பான்.”

“நீ பாத்தியா?”

“பாக்கணுமா?”

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நீதான் தெனம் பாக்கறவன்.”

“நான் கோடு போடறவன்” என்றேன்.

அந்த மலைக்காரப் பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். அவன் வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள். விளையாட்டு கோட்டாவில் ஹாஸ்டல் ரூமும் சாப்பாடும் கிடைத்திருந்தது. டீமில் இருக்கும்வரைதான் அந்த ரூம். டீமை விட்டால் ரூம் போகும். ரூம் போனால் படிப்பு போகும். மலையிலிருந்து தினம் வந்து போக முடியாது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழை பெய்தால் அதுவும் வராது. டீமில் எல்லோரையும்விட நன்றாகக் கோட்டில் போடுகிறவன் அவன்தான். எங்கள் கோர்ட்டில் பத்துக்கு ஒன்பது விழும். பேச்சு கிடையாது. என்னைப் பார்த்தால் “அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

மறுநாள் காலை சார் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். நான் ஓரமாகத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தேன்.

“மேட்ச்சுக்கு முன்னாடி நாள் எங்கடா போன?” என்று மலைக்காரனைக் கேட்டார்.

“எங்கயும் போவல சார்.”

“தூங்கினியா?”

“தூங்கினேன் சார்.”

“அப்புறம் ஏன் விழல?”

அவன் தரையைப் பார்த்தான். “அந்த ஊர்ல கோடு தூரமா இருக்கு சார்.”

பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான். சார் அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“கோடு தூரமா இருக்கு” என்று சார் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “உலகத்துல எங்க போனாலும் அந்தக் கோடு ஒரே அளவுடா. உனக்கு மட்டும் தூரமாப் போச்சா? அங்க தூரம்னா இங்க கிட்டன்னு அர்த்தம். அப்படித்தான?”



சார் என்னைக் கூப்பிட்டார். வாளியை வைத்துவிட்டுப் போனேன்.

“இவன் உன் கோட்டைத் தப்புன்னு சொல்றான். நீ இன்னா சொல்ற?”

வரிசையில் நின்ற பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் போட்ட கோடு. ரசமட்டம் வச்ச மாதிரி கோடு.

“கோடு சரியாத்தான் சார் இருக்கு” என்றேன்.

“கேட்டியா?” என்றார் சார். “இருபது ரவுண்டு. வர்ற சனிக்கிழமை காலைல, இதே கோட்டுல பத்து போடுவ. எட்டு விழணும். விழலன்னா அன்னிக்கே ரூம காலி பண்ணு. தோத்தா ஒத்துக்கறவன் வேணும் எனக்கு. கோட்டு மேல பழி போடறவன் வேணாம்.”

அவன் ஓடினான். நான் தண்ணி தெளித்தேன். என் முன்னால் ஒவ்வொரு தடவை அவன் கடக்கும்போதும் காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோபம் ரெண்டு நாள் இருந்தது. மூன்றாவது நாள் வேறு மாதிரி ஆனது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பேசவே பேசாதவன் எதற்குப் பொய் சொல்லவேண்டும்?

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொத்தனார் ஒருவர் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய டேப்பை வாங்கிவந்தேன். மைதானத்தில் யாரும் இல்லை. வெயில். கடைசிக் கோட்டில் ஒரு ஆணி அடித்து டேப்பை மாட்டி இழுத்தேன்.

பதினெட்டு அடிகூட வரவில்லை. அதற்கும் ரெண்டு விரக்கடை, ரெண்டு விரல் அகலம், குறைந்தது.

டேப் மடங்கியிருக்கும் என்று மறுபடி இழுத்தேன். அதேதான். அந்தப் பக்கத்துக் கூடைக்குப் போய் அளந்தேன். அங்கேயும் அதே. ஸ்டோர் ரூமிலிருந்து கயிற்றை எடுத்துவந்து டேப்புக்குப் பக்கத்தில் போட்டேன். முடிச்சு பதினெட்டுக்கு உள்ளே கிடந்தது. முறுக்கு இறுகி, சுண்ணாம்பு ஏறி, குச்சி மாதிரி இருந்தது கயிறு. நனைத்து நனைத்துக் காயப்போட்டவன் நான்தான். வாரத்துக்கு ஒரு நூல் அளவு சுருங்கினால் யாருக்குத் தெரியும்? முந்தின வாரத்துக் கோட்டின் மேலேயே புதுக் கோடு விழுந்ததுபோல்தான் இருந்திருக்கும்.

டேப்பைக் கொத்தனாரிடம் கொடுத்தேன். “இன்னா, கோர்ட்ட வாங்கப் போறியா?” என்றார். சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கே சாரிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். போகவில்லை. காரணம் சொல்கிறேன். நான் தற்காலிக வேலைக்காரன். என்னை நிரந்தரம் ஆக்கும் காகிதம் சார் மேசையில் கையெழுத்துக்கு இருந்தது. அது ஒன்று. பதினெட்டுப் பேர் முன்னால் சரி என்று சொன்ன வாய். அது இன்னொன்று. எது பெரிசு என்று கேட்டால் ரெண்டாவதுதான்.

அதனால் ஒன்று செய்தேன். கோட்டைச் சத்தமில்லாமல் சரி பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி டேப்பை வாங்கினேன். பத்தொன்பது அடி அளந்து புதுக்கோடு போட்டேன். பழைய கோட்டின் மேல் செம்மண் கொட்டி, தண்ணி தெளித்து, ரோலர் இழுத்தேன். ரெண்டு பக்கமும். கோட்டைச் சுற்றியிருக்கும் வட்டத்தையும் மாற்றினேன். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாருக்கு ஆபீசில் மீட்டிங், பிராக்டிஸ் இல்லை. நல்லது என்று நினைத்தேன்.

எவ்வளவு முட்டாள்தனம் என்று சனிக்கிழமை காலைதான் தெரிந்தது.

அஞ்சரைக்கு எல்லோரும் கோர்ட்டில் இருந்தார்கள். பியூன்கூட வந்து வேலியோரம் நின்றிருந்தார். டீக்கடைக்காரர் கடையைத் திறந்துவிட்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கோட்டில் போய் நின்றான். காலைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். மறுபடி காலைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ தெரிகிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் கோட்டைப் பற்றி இன்னொரு தடவை வாய் திறப்பானா?

முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. ரெண்டு வருஷமாகப் பதினெட்டு அடிக்குப் பழகிய கை. கை பழகினதைத்தான் செய்யும்.

மூன்றாவது விழுந்தது. நாலாவது இல்லை. அஞ்சாவது வளையத்தைத் தொடவே இல்லை. யாரோ ‘ச்ச’ என்றார்கள். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போட்டான். ஒன்று விழுந்தது. ஒன்று பலகையில் அடித்தது. கடைசியில் பத்துக்கு நாலு.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப எந்த ஊரு கோடு?” என்று மட்டும் கேட்டார்.

அவன் பந்தைத் தரையில் வைத்தான். உருட்டவில்லை, எறியவில்லை. குனிந்து வைத்தான். ஹாஸ்டல் பக்கம் நடந்துபோனான்.

பிராக்டிஸ் தொடங்கியது. சார் மற்றவர்களைக் கோட்டில் நிறுத்தினார். அவர்களுக்கும் விழவில்லை. ஒருத்தனுக்கும் விழவில்லை. சார் முகம் இறுகிக்கொண்டே போனது. “எல்லாருக்கும் ஒரே நாள்ல திமிரா?” என்றார். அஞ்சு ரவுண்டு எல்லோருக்கும். பியூன் வேலியில் சாய்ந்துகொண்டு, “நான் சொல்லல? ஒழுக்கம்” என்றார். மலைக்காரப் பையன் ஒரு டிரங்குப் பெட்டியோடு கேட்டைத் தாண்டிப் போவதை அப்போதுதான் பார்த்தேன்.

சாரிடம் போனேன்.

“சார். கோட்ட நான் மாத்திட்டேன்.”

“இன்னா?”

“பழைய கோடு தப்பு சார். ஒரு அடிக்கு மேல கிட்ட இருந்தது. அவன் சொன்னது நெசம். நேத்து நான்தான் சரியா மாத்திப் போட்டேன்.”

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சார் ரூமுக்குப் போய் டேப் எடுத்துவந்தார். அவரே குந்தி உட்கார்ந்து அளந்தார். பத்தொன்பது அடி. ஒரு விரல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

“சரியாத்தான இருக்கு?” என்றார். “அன்னிக்கும் சரியாத்தான் இருக்குன்னு சொன்ன. இன்னிக்கு அளந்தாலும் சரியா இருக்கு. பாவம்னு பாத்துப் பொய் சொல்றியா? அவனோட சேந்துக்கினு என்னை முட்டாளாக்கப் பாக்கறியா?”

பேசி ஆகாது என்று தெரிந்தது. ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மண்வெட்டி எடுத்துவந்தேன். கோட்டுக்கு உள்பக்கம் ஒரு அடி தள்ளி நின்று, தரையைச் சீவினேன்.

செம்மண் வந்தது. இன்னொரு வெட்டு. அதுவும் செம்மண். இவ்வளவு ஆழமாகவா போட்டேன்? மூன்றாவது சீவலில் வெள்ளை தெரிந்தது. பல வருஷத்துச் சுண்ணாம்பு. பாறை மாதிரி இறுகியிருந்தது. குறுக்கே சீவிக்கொண்டே போனேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். ரெண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நிமிர்ந்தேன்.

பியூன் வேலியை விட்டு நேராக நின்றார்.

சார் டேப்பை வைத்து அளந்தார். எழுந்திருக்கவில்லை. பழைய கோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கூடையைப் பார்த்தார். “வர்றவனுக்கெல்லாம் பலகைல அடிச்சிது” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “அப்ப நாம இங்க ஜெயிச்சதெல்லாம்...”

எழுந்து மண்ணைத் தட்டினார். “அவன் எங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான் சார்.”

“போ. கூட்டினு வா.”

சைக்கிளை மிதித்தேன். மலை பஸ் கிளம்புகிற மாதிரி நின்றிருந்தது. கண்டக்டர் படியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஏறினேன். ஜன்னலோரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எறங்கு. சார் கூப்புடறாரு.”

“வேணாம்ணா.”

“கோடு தப்புதான். நான்தான் தப்பாப் போட்டிருக்கேன். நேத்துதான் மாத்தினேன். இன்னிக்கு நீ போட்டது சரியான கோட்டுல. சாருக்குக் காட்டிட்டேன்.”

அவன் என்னைப் பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

“நேத்தே தெரியுமாண்ணா?”

“அதுக்கு மொத நாளே தெரியும்.”

“இன்னிக்கி நான் போடறப்ப அங்கதான நின்னீங்க?”

“நின்னேன்.”

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கண்டக்டர், “யோவ், ஏறினா ஒக்காரு, இல்லன்னா எறங்கு. வண்டி எடுக்கணும்” என்றார். நான் அங்கேயே நின்றேன். விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவன் பெட்டியைத் தூக்கினான். “எறங்கணும்” என்றான். கண்டக்டர் ரெண்டு பேரையும் திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். பக்கத்தில் நடந்துவந்தான். காலேஜ் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

சார் மன்னிப்புக் கேட்பார் என்று டீக்கடையில் எதிர்பார்த்தார்கள். கேட்கவில்லை. “இன்னிக்குப் போட்டது செல்லாது” என்றார் அவனிடம். “பத்து நாள் டைம். இதே கோட்டுல மறுபடியும் பத்து போடு. எட்டு விழணும்.” என் பக்கம் திரும்பினார். “நீ சாக்கு சொல்லல. ஆனா தெரிஞ்சும் சொல்லாம இருந்த. அது அதவிட மோசம். பத்து நாளும் இவனுக்கு நீதான் பந்து எடுத்துப் போடணும்.”

“சரிங்க சார்.”

“அந்தக் கயித்த எடுத்துனு வா.”

கொடுத்தேன். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். டேப்பை என் கையில் கொடுத்தார்.

பத்து நாள் காலையும் சாயங்காலமும் கூடைக்குக் கீழே நின்றேன். அவன் போடுவான். நான் எடுத்துப் போடுவேன். முதல் மூன்று நாள் என்னை நேராகப் பார்க்கவே மாட்டான். பந்து வந்தால் வாங்குவான், போடுவான். பாதிகூட விழவில்லை. நாலாவது நாள், “அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போடுங்க” என்றான். அந்த நாலு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. அடிபட்டு அடிபட்டு என் விரல் ரெண்டு வீங்கிப்போனது. சொல்லவில்லை.

டீக்கடையில் சண்டை மாறிவிட்டது. “அளக்காம ஆடவுட்ட கோச்சு என்ன கோச்சு?” என்றார் கடைக்காரர். “பசங்க ஒரு நிமிஷம் லேட்டு வந்தா பத்து ரவுண்டு. இவரு ரெண்டு வருசம் டேப்பு எடுக்கல. எத்தன ரவுண்டு ஓடணும்?”

“கோடு போட்டவன் இவன். சார இன்னாத்துக்கு இழுக்கற?” என்றார் பியூன்.

“தப்பு யாரு மேல?” என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

“என் மேல” என்றேன். அத்தோடு அன்றைக்குச் சண்டை நின்றது. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

பத்தாவது நாள் வந்தது. வேடிக்கை பார்க்க ஆள் ஜாஸ்தி. நான் கூடைக்குக் கீழே போய் நின்றேன். சார் கோர்ட்டுக்கு வந்தார். அவனைக் கோட்டில் நிற்கச் சொன்னார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று செய்தார். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

அவன் போட்டான். விழுந்தது. விழுந்தது. முன்விளிம்பு. விழுந்தது. ஒவ்வொரு பந்தும் வலையில் உரசும் சத்தம் சாருக்குக் கேட்டிருக்கும், இடிக்கும் சத்தமும் கேட்டிருக்கும். திரும்பவில்லை. எட்டு முடிந்தபோது ஆறு விழுந்திருந்தது. இன்னும் ரெண்டும் விழவேண்டும். ஒன்பதாவது வளையத்தில் ரெண்டு சுற்று சுற்றி வெளியே வந்தது. என் கையில் விழுந்தது. அந்தப் பந்தை அவனிடம் திருப்பிப் போட எனக்கு நேரம் ஆனது. அவன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

பத்தாவது விழுந்தது. ஏழு.

சார் திரும்பாமலே கேட்டார். “எத்தன?”

கேள்வி யாரிடம் என்று தெரியவில்லை. பந்து எடுத்துப்போட்டவன் நான். என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இன்றைக்கும் யோசிக்கிறேன். எட்டு என்று வாய்க்குள் வந்துவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருவன் “எட்டு சார்” என்று சொல்லியேவிட்டான்.

“ஏழு சார்” என்றான் மலைக்காரன்.

சார் திரும்பினார். அவனைப் பார்த்தார். கீழே ரெண்டு கோடுகள் இருந்த இடத்தைப் பார்த்தார். பழையதை நான் மறுபடி மூடியிருந்தேன்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி” என்றார். “வெளியூர் மேட்ச். ஒரு நிமிஷம் லேட்டானாலும் வுட்டுட்டுப் போய்டுவேன்.”

எட்டு என்று சொன்னவனுக்கு இருபது ரவுண்டு கொடுத்தார்.

சொன்ன சொல்லை சாரே மாற்றிவிட்டார் என்று டீக்கடையில் பியூனுக்கு வருத்தம். “எட்டுன்னா எட்டு. ஏழுக்கு வுட்டா நாளைக்கி ஆறுக்குக் கேப்பானுங்க” என்றார். கடைக்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவை சார் பக்கம் பேசினார். ரெண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்து அதே சண்டையைப் போட்டார்கள்.

அந்த மேட்ச்சுக்கு என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார் சார். இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு தடவைதான். போய் இறங்கியதும் பிள்ளைகள் தண்ணி குடிக்கப் போனார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். அந்த ஊர் மார்க்கர் ஒரு பெரியவர். வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“இன்னாய்யா அளக்கற? எங் கோட்டு மேல சந்தேகமா? முப்பது வருசமாப் போடறேன்.”

“எதால அளப்பீங்க?”

“கயிறு.”

“நூல் கயிறா?”

“நூல் கயிறுன்னா சுருங்கிடாதா? நான் கம்பிக் கயிறு வெச்சிருக்கேன்” என்றார்.

அளந்தேன். பத்தொன்பது அடி. சார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையசைத்தேன். மேட்ச்சில் அவனுக்கு ஆறு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அஞ்சு விழுந்தது. மூன்று பாயிண்டில் தோற்றோம். திரும்பும்போது வண்டியில் கோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தான்.